ஒரு லட்சம் பைட் கனமுள்ள கடிதங்கள்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி, புதன்கிழமை. திருவல்லிக்கேணியில் ஒரு மாடி அறையில் நான் நடத்திவந்த, கணினியில் அச்சுக்கோக்கும் டி.டி.பி. கடையைத் திறந்து, கணினியைப் போட்டு, மோடம் கீச்சிட்டு ஓய்ந்த பிறகு, அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற மின்னஞ்சல் நிரல் தொண்ணூற்றேழு கடிதங்கள் காத்திருப்பதாகக் காட்டியது. அன்றாடம் பத்துப் பன்னிரண்டு கடிதங்களுக்கு மேல் வராத கடை அது. முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் உண்டானது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆவணி பிறந்துவிட்டது, கல்யாணப் பத்திரிகை வேலைகள் வரும் காலம், யாரோ நம்மைப் பற்றி நாலு பேரிடம் நல்லவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, டீ வாங்கிவரக் கீழே இறங்கிப் போனேன்.

திரும்பி வந்தபோது பதினான்கு கடிதங்கள்தான் இறங்கியிருந்தன. அந்நாளைய மோடத்தின் மேல் 56 கே என்று அச்சிட்டிருக்குமே தவிர, எங்கள் தெருத் தொலைபேசிக் கம்பியில் நொடிக்கு நான்கு கிலோபைட் வந்தாலே நல்ல நாள். ஒரு கடிதம் இறங்க இருபத்தைந்து நொடி பிடித்தது. இறங்கிய பதினான்கில் பன்னிரண்டின் தலைப்பு 'ரீ: டீட்டெய்ல்ஸ்', 'ரீ: அப்ரூவ்டு', 'தேங்க் யூ!', 'யுவர் டீட்டெய்ல்ஸ்' என்பவற்றுள் ஒன்றாக இருந்தது. உள்ளே ஒரே ஒரு வரி: இணைப்பைப் பார்த்து விவரம் அறிக. இணைப்பின் பெயர் பி.ஐ.எஃப். என்று முடிந்தது; சொடுக்கினால் நிரலாக ஓடக்கூடிய கோப்பு வகை அது.

அதைச் சொடுக்காமல் இருந்ததற்கு என் புத்திசாலித்தனம் காரணம் அல்ல, பழைய சூடு காரணம். 2000ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற தலைப்போடு பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகைச் சுற்றிய வைரஸ், கணினியில் இருக்கும் ஜேபெக் படங்களின் மேல் தன்னையே எழுதிவிட்டுப் போகும் வகையைச் சேர்ந்தது. வருடக்கணக்கில் ஸ்கேன் செய்து சேர்த்துவைத்திருந்த பிள்ளையார், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், கைகூப்பும் மணமக்கள் எல்லாம் ஒரே பிற்பகலில் போயின. கல்யாணப் பத்திரிகை அடிப்பவனுக்குப் பிள்ளையார் போவது என்பது தையற்காரருக்குக் கத்தரிக்கோல் போவதைப் போன்றது. அதன் பிறகு இணைப்பு என்றாலே என் விரல் எலியின் மேல் தயங்கி நிற்கும்.

மூன்று ஆண்டு கழித்து வந்த இதற்கு சோபிக்-எஃப் என்று பெயர் வைத்திருந்தார்கள். இலக்கணப்படி இது வைரஸ் அன்று, தானே தன்னை அனுப்பிக்கொள்ளும் 'புழு' என்று பிறகு படித்தேன். ஆனால் சென்னையில் எந்தக் கடையிலும் 'புழு வந்திருக்கிறது' என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை, எனவே நானும் வைரஸ் என்றே எழுதுகிறேன். ஒரு கணினியில் புகுந்துகொண்டதும் அது முகவரிப் புத்தகத்தையும், பழைய கடிதங்கள் சேர்ந்திருக்கும் கோப்புகளையும், உலாவி சேமித்துவைத்திருக்கும் வலைப்பக்கங்களையும் துழாவி, கண்ணில் பட்ட முகவரிகளை எல்லாம் பொறுக்கிக்கொள்ளும். அந்தக் கணினியில் இருக்கும் மின்னஞ்சல் நிரலைக்கூட அது நம்புவதில்லை. தபால்காரரையும் கையோடு கூட்டிவந்ததைப் போல, அனுப்புவதற்கான நிரலைத் தனக்குள்ளேயே வைத்திருந்தது. எனக்கு ஏன் இத்தனை வந்தன என்பதற்கு விடை இதில்தான் இருந்தது. எழுத்தாளர்கள், அச்சகங்கள், கல்யாண மண்டப மேலாளர்கள், பைண்டிங் செய்பவர்கள், ஒருமுறை பத்திரிகை அடித்துவிட்டுப் பிறகு வராதவர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களின் கணினிகளில் என் முகவரி கிடந்தது. வைரஸ் என் வாசலுக்கு வராமலேயே என்னை மூழ்கடிப்பதற்கு, எனக்குத் தெரிந்தவர்களுள் ஒருவர் சொடுக்கினால் போதும்.

சொடுக்கியவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. 'ஐ லவ் யூ' என்று வந்த கடிதத்தைத் திறந்தவரைக் கேலி செய்யலாம். அலுவலகத்தில் யார் அவருக்குக் காதல் கடிதம் எழுதப்போகிறார்கள்? ஆனால் 'ப்ளீஸ் சீ தி அட்டாச்டு ஃபைல் ஃபார் டீட்டெய்ல்ஸ்' என்பது சென்னையில் ஒவ்வோர் அலுவலகத்திலும், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு குமாஸ்தாவும் எழுதும் வாக்கியம். நானே அன்று காலை இரண்டு பேருக்கு ஏறக்குறைய அதையே எழுதியிருந்தேன். நம் அலுவலக ஆங்கிலத்துக்கு ஆள் அடையாளமே கிடையாது. யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும். அந்த வைரஸை எழுதியவன் எந்த நாட்டுக்காரனோ, நம்முடைய மொழியைத்தான் எழுதியிருந்தான்.

போதாக்குறைக்கு, கடிதத்தின் மறைவான தலைப்பு வரிகளில், 'இந்தக் கடிதம் வைரஸ் சோதனை செய்யப்பட்டது, சுத்தமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு வரியையும் அது தானாகவே சேர்த்துக்கொண்டிருந்தது. டால்டாவைக் காய்ச்சி ஊற்றி டப்பாவின் மேல் அக்மார்க் முத்திரை குத்துகிற வேலை.

இரண்டாம் நாளிலிருந்து தொலைபேசி வரத் தொடங்கியது. அனுப்புநர் முகவரி என்று அந்த வைரஸ் போட்டுக்கொண்டது, தான் குடியிருக்கும் கணினியின் சொந்தக்காரருடைய முகவரியை அன்று. பொறுக்கிய முகவரிகளுள் ஏதோ ஒன்றை. அப்படி என் முகவரியையும் போட்டுக்கொண்டு எங்கெங்கோ போயிருக்கிறது. போன இடங்களில் இருந்த வைரஸ் தடுப்பு நிரல்கள் மிகுந்த கடமையுணர்ச்சியோடு, 'நீங்கள் அனுப்பிய கடிதத்தில் வைரஸ் இருந்தது' என்று எனக்குத் தானாகவே பதில் எழுதின. இல்லாத முகவரிகளுக்குப் போனவை 'மெயிலர் டேமன்' என்ற அஞ்சல் நிரலின் பெயரில் திரும்பி வந்தன. நான் அனுப்பாத கடிதங்களுக்கு நான் வாங்கிய வசவுகள், வைரஸ் கடிதங்களில் கால் பங்காவது இருக்கும். அனுப்புநர் பெயரைப் பொய்யாகப் போடும் வைரஸ் இது என்று அந்தத் தடுப்பு நிரல்களுக்கே தெரியும், ஏனென்றால் பதிலில் அதன் பெயரையே குறிப்பிட்டிருந்தன. தெரிந்தும் அந்தப் பொய் முகவரிக்கே புகார் அனுப்பின. வைரஸ் மீது வந்ததைவிட எனக்கு இவற்றின் மீதுதான் கோபம் அதிகம் வந்தது, இன்றும் அது முழுதாகத் தணியவில்லை.

பல வருடம் வேலை கொடுத்துவந்த வாடிக்கையாளர் ஒருவர், "உங்க கம்ப்யூட்டரை முதல்ல சரி பண்ணுங்க சார், எங்க ஆபீஸ் பூரா உங்க வைரஸ்தான்" என்றார். நான் அவருக்குத் தபாலை உதாரணம் காட்டினேன். உறையின் இடது ஓரத்தில் அனுப்புநர் என்று எழுதி யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம், தபால் நிலையத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் முத்திரை மட்டும் தபால் நிலையம் குத்துவது, அதில் ஊர் தெரியும். 1982இல் மின்னஞ்சலுக்கு விதி எழுதியவர்களும் உறையை அப்படித்தான் விட்டிருந்தார்கள். கடிதம் கடந்துவரும் ஒவ்வொரு வழங்கியும் (சர்வர்) 'ரிசீவ்டு' என்று ஒரு வரியை மேலே மேலே ஒட்டிக்கொண்டே வரும், அதுதான் முத்திரை, அதைப் பாருங்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், ஆனா பேர் உங்க பேர்தானே போட்டிருக்கு?" என்றார்.

இவையெல்லாம் மனத்தாங்கல்கள். தொழிலை நிறுத்தியது வேறொன்று. என் அஞ்சல் பெட்டியின் கொள்ளளவு பத்து மெகாபைட். ஏறக்குறைய 72 கிலோபைட் இருக்கும் வைரஸ் கோப்பு, மின்னஞ்சலில் போவதற்காக எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்து, கடிதம் ஒவ்வொன்றும் ஒரு லட்சம் பைட்டைச் சற்றே தாண்டும். வகுத்துப் பார்த்தால் நூற்று நான்கு கடிதங்களில் பெட்டி நிறைந்துவிடும், அதன் பிறகு வருவது எதுவானாலும் அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். இரவு கடையைப் பூட்டிவிட்டுப் போய்க் காலையில் திறப்பதற்குள் பெட்டி நிறைந்திருந்தது. நூறு கடிதங்களையும் இறக்கித்தான் பெட்டியைக் காலி செய்ய வேண்டும் என்றால் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இணைப்பு இரண்டு முறையாவது அறுந்துவிடும். அறுந்தால் முதலிலிருந்து. கடிதங்களை அழிக்கச் சொல்லும் கட்டளைகளை வழங்கி உடனே நிறைவேற்றாமல் குறித்து மட்டும் வைத்துக்கொள்ளும். முறைப்படி விடைபெற்றுக்கொண்டு கிளம்பினால்தான் அழிக்கும். பாதியில் அறுந்தால் ஒன்றும் நடவாததுபோல் எல்லாவற்றையும் திரும்ப வைத்துவிடும். விதி எழுதியவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். எழுபதாவது கடிதத்தில் இணைப்பு அறுந்து, மறுபடி முதல் கடிதத்திலிருந்து அதே 'தேங்க் யூ!' இறங்கத் தொடங்குவதைப் பார்த்தவனுக்கு அந்த நல்லெண்ணம் புரிவது கடினம்.

கடைக்கு எதிர்வீட்டில் கணினி படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர்தான் டெல்நெட் என்ற வழியைக் காட்டினார். கறுப்புத் திரையில், அஞ்சல் வழங்கியின் 110ஆம் வாயிலைத் தட்டி, பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, நாமே அதனுடன் நேரடியாகப் பேசலாம். நாம் தட்டுவது திரையில் தெரியாது. பிழையாகத் தட்டிவிட்டு அழிக்க முயன்றால் வழங்கி அதையும் சேர்த்து எழுத்தாக எடுத்துக்கொண்டு, புரியவில்லை என்று முறைக்கும். 'லிஸ்ட்' என்று தட்டினால் கடிதங்களின் வரிசை எண்ணும் பைட் கணக்கும் வரும். 'டாப்' என்றால் உடலை விட்டுவிட்டுத் தலைப்பு வரிகள் மட்டும் வரும். 'டெலி' என்றால் அழிக்கக் குறித்துக்கொள்ளும். 'ஆர்செட்' என்றால் குறித்ததை எல்லாம் மறந்துவிடும். 'க்விட்' என்றால் முடிந்தது.

இதை நான் இரவில்தான் செய்தேன். அந்த ஆண்டு சென்னையில் குடிநீர்ப் பஞ்சம். ஏரிகள் வறண்டு, எங்கள் தெருக் குழாய் காற்றை மட்டும் ஊதிக்கொண்டிருந்த காலம். குடிநீர் வாரிய லாரி நள்ளிரவுக்கு முன்னும் வரும், பின்னும் வரும், வராமலும் போகும். கீழே சிவப்பும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்க, என்னுடைய இரண்டையும் அவற்றோடு வைத்துவிட்டு, மாடியில் உட்கார்ந்து பெட்டியில் நிறைந்திருந்ததை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருப்பேன். அந்த வெள்ளிக்கிழமை, இந்திய நேரப்படி இரவு பன்னிரண்டரை மணிக்கு, உலகெங்கும் சோபிக் புகுந்த கணினிகள் எல்லாம் இருபது கணினிகளைத் தொடர்புகொண்டு அடுத்த கட்டளையைப் பெறப்போகின்றன என்ற செய்தி வந்திருந்தது. நானும் விழித்திருந்தேன். அந்த இருபதைக் கண்டுபிடித்துப் பெரும்பாலானவற்றை நேரத்துக்குள் துண்டித்துவிட்டதால் ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் தெருவுக்கு லாரியும் வரவில்லை.

கறுப்புத் திரையில் ஓர் அநியாயம் கண்ணில் பட்டது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியாக்கம் பரவாத நாள்கள் அவை. திஸ்கியிலும் இன்னும் பலவகைக் குறியாக்கங்களிலும் தமிழ் எழுதிக்கொண்டிருந்தோம், அதே ஆகஸ்டில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் போயிருந்தால் அந்தச் சண்டைகளைக் காதாரக் கேட்டிருக்கலாம். எழுத்துரு இல்லாத டெல்நெட் திரையில், எனக்கு வரும் உண்மையான தமிழ்க் கடிதத்தின் தலைப்பு கோடும் கொம்புமாக, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகச் சிதறிக்கிடக்கும். வைரஸ் கடிதத்தின் தலைப்போ பிழையற்ற ஆங்கிலத்தில் பளிச்சென்று இருக்கும். வழிப்போக்கர் ஒருவரிடம் காட்டி எது குப்பை என்று கேட்டால், தமிழைத்தான் காட்டுவார்.

நூறு கடிதங்களின் தலைப்பையும் ஒவ்வொன்றாகப் பார்க்கவும் பொறுமை வேண்டும். மூன்றாம் இரவில் எனக்குக் குறுக்கு வழி ஒன்று பிடிபட்டது. வைரஸ் கடிதங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே கனம். பட்டியலில் ஒரு லட்சத்துச் சொச்சம் என்று இருப்பது வைரஸ். இரண்டாயிரம், ஐயாயிரம், மூன்று லட்சம் என்று இருப்பது மனிதர். தலைப்பைப் பார்க்கவே தேவையில்லை, எடையைப் பார்த்து அழித்துக்கொண்டே போகலாம். காய்கறிக்காரர் கையில் தூக்கிப் பார்த்தே அரைக் கிலோ என்று சொல்லுவதைப் போல, எண்ணைப் பார்த்ததும் 'டெலி' தட்டினேன். நாற்பது நிமிட வேலை ஆறு நிமிடத்தில் முடிந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை கும்பகோணத்திலிருந்து தொலைபேசி. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தம் ஊர்க் கோயில்களைப் பற்றி அவர் எழுதிய நூலை நான் அச்சுக்கோத்துக்கொண்டிருந்தேன். "தம்பி, திருத்தத்தை அனுப்பி மூணு நாளாச்சே, பார்த்தீங்களா?" என்றார். வரவில்லையே ஐயா என்றேன். "போயிடுச்சுன்னுதானே சென்டர்ல சொன்னான்" என்றார். எத்தனை பக்கம், எந்த நிரலில் என்று விசாரித்துக்கொண்டே வந்தபோது என் வயிற்றில் ஏதோ பிசைந்தது. கோப்பு எத்தனை கிலோபைட் இருக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பிரௌசிங் சென்டர்ப் பையனிடம் மறுநாள் கேட்டுச் சொன்னார்: எழுபத்திரண்டு.

அழித்தபோது எனக்கு அடையாளம் தெரிந்திருந்தால் 'ஆர்செட்' என்று தட்டியிருக்கலாம். நான் 'க்விட்' தட்டிவிட்டு, குடம் நிறைந்ததா என்று பார்க்கக் கீழே இறங்கிப் போயிருந்தேன். அந்தக் கோப்பை அவர் தட்டச்சு செய்வித்தது அந்தச் சென்டரில்; அனுப்பியாயிற்று என்றதும் அவருடைய ஃப்ளாப்பியில் வேறொருவருடைய பயோடேட்டாவை ஏற்றிவிட்டார்கள். நாற்பத்தொரு பக்கத்துக்கான திருத்தங்களை அவர் மறுபடியும், இந்த முறை கையால், கோடிட்ட தாளில் எழுதி அனுப்பினார். என்ன நடந்தது என்பதை அவரிடம் சொன்னேன். எடையைப் பார்த்து எறிந்துவிட்டேன் ஐயா என்ற சொற்களாலேயே சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, புத்தகமும் ஒருநாள் எடைக்குத்தானே போகும்" என்றார்.

அதன் பிறகுதான் 'ரிசீவ்டு' வரிகளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். இந்த வைரஸ் தானே நேரடியாக அனுப்புவதால், எங்கள் வழங்கி குத்திய முதல் முத்திரையில், அது கிளம்பிய கணினியின் இணைய முகவரியான ஐ.பி. எண்ணும், பல சமயம் அந்தக் கணினிக்கு வைத்திருந்த பெயரும் இருந்தன. டயல்-அப் எண்கள் இணைப்புக்கு இணைப்பு மாறும், பெயர் மாறாது. எனக்கு வந்தவற்றுள் ஏறக்குறைய பாதியில் ஒரே பெயர் இருந்தது. அது, நான் மாதத்தில் இரண்டு முறையாவது போகும் ராயப்பேட்டை அச்சகம் ஒன்றின் பெயர்ச்சுருக்கமும் 'அக்கவுண்ட்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்தது. இத்தனை நாளும் ஏதோ அமெரிக்காவிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து கொட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி வெள்ளம் நடந்துபோகும் தூரத்திலிருந்து வந்திருக்கிறது.

நேரில் போனேன். அச்சக உரிமையாளர், "நம்ம மெஷின்லயா? ஆன்டி வைரஸ் போட்டிருக்கோமே சார்" என்றார். போட்டிருந்தார்கள், உண்மைதான். கணினி வாங்கிய அன்று போட்டது. அதன் பிறகு புதுப்பிக்கவே இல்லை. கணக்கு எழுதும் பெண்மணி, 'யுவர் டீட்டெய்ல்ஸ்' என்று வந்ததால் வருமான வரிக் கணக்கர் அனுப்பிய விவரமாக இருக்கும் என்று திறந்ததாகவும், ஒன்றும் வராததால் இன்னும் இரண்டு முறை திறந்ததாகவும் சொன்னார். நான் அவரிடம் கோபித்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். மறைந்துபோன நாற்பத்தொரு பக்கம் என் தலையில் இருந்ததால், யாரிடமும் கோபிக்கும் நிலையில் நான் இல்லை. தம்பியைக் கூட்டிவந்து, துப்புரவாக்கும் நிரலை ஃப்ளாப்பியிலிருந்து ஓட்டி அதை விரட்டினோம். மறுநாள் என் பெட்டியில் நாற்பத்திரண்டு கடிதங்கள்தான் இருந்தன.

செப்டம்பர் 10ஆம் தேதியோடு பரவுவதை நிறுத்திக்கொள்ளும்படி அந்த வைரஸை எழுதியவனே அதற்குள் ஒரு தேதியை வைத்திருந்தான். சொன்ன தேதியில் நின்றது. மூச்சு விடுவதற்குள், அடுத்த வாரமே, மைக்ரோசாஃப்ட் அனுப்பும் பாதுகாப்புத் திருத்தம் என்ற வேடத்தில் ஸ்வென் வந்தது. அதன் கனம் வேறு. ஜனவரியில் மைடூம். அப்போதெல்லாம் எடை பார்க்கும் வேலையை நான் விட்டிருந்தேன். இந்தத் தலைமுறைக்கு அஞ்சல் பெட்டியைக் கையால் இறைத்த கதை புரியாது; குப்பை எல்லாம் நாம் பார்க்காத அறைக்குத் தானாகப் போய்விடுகிறது. ஆனால் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு வாட்ஸ்அப்பில், கைப்பேசியில் செயலியை நிறுவும் ஏ.பி.கே. கோப்பு வருவதாகக் கேள்விப்பட்டபோது, பத்திரிகை அடித்துப் பிழைத்தவன் என்ற முறையில் எனக்குச் சற்று வலித்தது.

ஐயாவுக்கும் எனக்கும் அன்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் தலைப்பிலும், எந்த வைரஸுக்கும் தோன்றாத ஒரு சொல் இருக்க வேண்டும். டெல்நெட் திரையில் சிதறாமல் இருக்க அதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டேன். என் குடக் கதைகளைக் கேட்டிருந்தவர், "வீராணம்னு வைங்க தம்பி, வர்றேன் வர்றேன்னு வராத தண்ணிக்கு அதான் பேரு" என்று சிரித்தார். பழைய வீராணம் திட்டத்துக்காகக் கொண்டுவந்த ராட்சதக் குழாய்கள் சாலையோரமாகப் பல ஆண்டு கிடந்ததைப் பார்த்தவர் அவர். அன்று முதல் கோபுரத்தின் அளவு பற்றிய திருத்தமானாலும், பின்னட்டைக்கான புகைப்படமானாலும், பேத்தியின் காதுகுத்து அழைப்பானாலும், தலைப்பு வீராணம்.

2004இல் வீராணத்துத் தண்ணீர் சென்னைக்கு வந்துசேர்ந்தது. புத்தகமும் வந்தது. இனி அந்தச் சொல் தேவையில்லை ஐயா, இப்போது நல்ல வடிகட்டி போட்டிருக்கிறேன் என்று எழுதினேன். 'மிக்க மகிழ்ச்சி' என்று பதில் எழுதியிருந்தார். அந்தப் பதிலின் தலைப்பும் வீராணம்தான்.